பாக்ஸ்புரோ பில்லிங்: ஒருத்தர் மட்டும் இருந்தா பறக்குது, ரெண்டாவது ஆள் உள்ள வந்தா நகரவே மாட்டேங்குது

ஈரோடு_ஸ்டாக்கிஸ்ட்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுது மொத்த மருந்து வியாபாரம். பில்லிங், ஸ்டாக், பார்ட்டி லெட்ஜர் எல்லாமே விஷுவல் பாக்ஸ்புரோ 9ல (மைக்ரோசாப்டோட பழைய டேட்டாபேஸ் மொழி) எழுதின சாப்ட்வேர்லதான் ஓடுது. எழுதிக் கொடுத்தவரு இப்ப இந்த லைன்லயே இல்ல, ஆனா சோர்ஸ் கோடு கைல இருக்கு, சின்னச் சின்ன மாத்தம்னா நானே பண்ணிக்குவேன். முன்னாடி சர்வர் 2003 போட்ட பழைய மெஷின்ல டேட்டா இருந்துச்சு, அதோட போர்டு போயிடுச்சு, சரி ஒரேடியா மாத்திரலாம்னு சர்வர் 2019, எஸ்எஸ்டி, 32 ஜிபி ராம், ஜிகாபிட் ஸ்விட்ச்னு எல்லாமே புதுசு வாங்கிப் போட்டாச்சு. கவுண்டர்ல 8 சிஸ்டம், ரெண்டு விண்டோஸ் 11, மீதி எல்லாம் 10.

பிரச்சனை என்னன்னா, காலைல முதல் ஆள் பில் போடறப்ப மருந்து பேரை அடிச்சா பேட்ச் லிஸ்ட் உடனே வந்து நிக்குது. ரெண்டாவது கவுண்டர்ல யாராச்சும் சாப்ட்வேரைத் திறந்தாங்கன்னா அவ்வளவுதான், ரெண்டு பேருக்குமே இழுக்க ஆரம்பிச்சிரும், பேட்ச் லிஸ்ட் வர 15 செகண்டுக்கு மேல ஆகுது, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் இப்படி. சாயங்காலம் லைன் வண்டி கிளம்பற நேரத்துல டெலிவரி பசங்க எல்லாம் பில்லுக்காக நின்னுட்டு இருக்காங்க.

பேட்ச் டேபிள்ல கிட்டத்தட்ட 6 லட்சம் ரெக்கார்டு, அதோட டிபிஎஃப் (டேட்டா ஃபைல்) 180 எம்பி இருக்கும். நெட்வொர்க் பாக்கறவரு வந்து 1 ஜிபி ஃபைலை சர்வர்ல இருந்து காப்பி பண்ணிக் காட்டினாரு, செகண்டுக்கு 110 எம்பி வந்துச்சு, நெட்வொர்க்ல ஒண்ணுமே இல்ல உங்க சாப்ட்வேர்தான் பழசுன்னுட்டுப் போயிட்டாரு. டாஸ்க் மேனேஜர் பாத்தா சர்வர் சிபியு 3 பர்சென்ட்கூடத் தாண்டல. இன்னொருத்தர் எஸ்எம்பி1ஐ (விண்டோஸ் நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற முறையோட பழைய வெர்ஷன்) ஆன் பண்ணுங்க பழைய மாதிரி ஆயிடும்னாரு. பண்ணலாமுங்களா? எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, யாராச்சும் வழி சொல்லுங்க.

---

கேபிள்_கிரிம்பர்:

முதல்ல ஒண்ணு, எஸ்எம்பி1 மட்டும் ஆன் பண்ணிடாதீங்க சார். 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் பரவினது அந்த ஓட்டை வழியாத்தான். அதே வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10 வெர்ஷன்ல இருந்து மைக்ரோசாப்டே அதைப் புது இன்ஸ்டாலேஷன்ல போடறதை நிறுத்திட்டாங்க. மருந்துக் கடை டேட்டா எல்லாத்தையும் லாக் பண்ணிட்டுப் பணம் கேட்டா ஸ்லோ பில்லிங்கே தேவலைன்னு ஆயிடும்.

ரெண்டாவது, ஆன்டிவைரஸ். சர்வர்லயும் சரி ஒவ்வொரு கவுண்டர்லயும் சரி, டிபிஎஃப், சிடிஎக்ஸ் (இண்டெக்ஸ் ஃபைல்), எஃப்பிடி (மெமோ ஃபைல்) இந்த மூணு எக்ஸ்டென்ஷனையும் டிஃபென்டர் எக்ஸ்க்ளூஷன்ல (ஸ்கேன் பண்ணாம விடற லிஸ்ட்) சேத்துட்டு ஒரு தடவை பாருங்க. சர்வர்ல மட்டும் போட்டுட்டு நிறைய பேர் விட்டுடறாங்க, கவுண்டர் பக்கமும் நெட்வொர்க் ஃபைலைத் திறக்கறப்ப ஸ்கேன் பண்ண வாய்ப்பு இருக்கு.

---

பழைய_டிபிஎஃப்:

நீங்க சொன்னதுலயே பாதி விடை இருக்கு சார். "ஒருத்தர் இருந்தா வேகம், ரெண்டாவது ஆள் வந்தா ஸ்லோ", இதை விடத் தெளிவா ஒரு அறிகுறி கிடைக்காது. நெட்வொர்க்காரர் காட்டின காப்பி டெஸ்ட் இந்த மாதிரி கேஸ்ல எதையுமே நிரூபிக்காது, ஏன்னு சொல்றேன்.

பாக்ஸ்புரோல சர்வர்னு ஒண்ணு தனியா கணக்குப் போடறது இல்ல. எஸ்க்யூஎல் சர்வர் மாதிரி "இந்த மருந்தோட பேட்ச் எல்லாம் குடு"ன்னு கேட்டா அங்கயே தேடி 10 வரியை மட்டும் அனுப்பற வேலை இங்க நடக்காது. குடோன்காரர்கிட்ட ஒரு பார்ட்டி பாக்கி எவ்வளவுன்னு கேட்டா அவர் லெட்ஜரைப் பக்கம் பக்கமா கிழிச்சு உங்க டேபிளுக்கு அனுப்பறாரு, நீங்கதான் உக்காந்து தேடணும், அந்த மாதிரி. தேடறது, இண்டெக்ஸ் படிக்கறது, லாக் போடறது எல்லாம் உங்க கவுண்டர் மெஷின்ல ஓடற எக்ஸ்இதான் (சாப்ட்வேரோட புரோகிராம் ஃபைல்) பண்ணுது, சர்வர் வெறும் பைட்டை எடுத்து எடுத்துக் கொடுக்குது. அதனாலதான் சர்வர் சிபியு 3 பர்சென்ட்ல தூங்குது.

இப்ப விண்டோஸ் என்ன பண்ணும்னா, ஒரு ஃபைலை ஒரே ஒரு மெஷின் மட்டும் திறந்து வச்சிருந்தா, "உன்னைத் தவிர யாரும் இல்ல, நீ உன் மெமரிலயே வச்சுப் படிச்சுக்கோ எழுதிக்கோ லாக் போட்டுக்கோ"ன்னு சர்வர் பெர்மிஷன் கொடுத்துடும். இதுக்குப் பேரு ஆப்லாக், விண்டோஸ் 7ல இருந்து வந்த எஸ்எம்பிலே லீஸ்னு சொல்வாங்க. அப்ப உங்க கவுண்டர் படிக்கறதுல முக்கால்வாசி தன்னோட ராம்ல இருந்துதான். ரெண்டாவது மெஷின் அதே ஃபைலைத் திறந்தவுடனே சர்வர் அந்தப் பெர்மிஷனை வாபஸ் வாங்கிடும். படிக்க மட்டும் கேஷ் (மெமரில எடுத்து வைக்கற நகல்) வச்சுக்க விடும், ஆனா யாராவது ஒரு ரெக்கார்டை எழுதினாலோ லாக் போட்டாலோ அதுவும் போயிடும், பில்லிங் சாப்ட்வேர்ல யாராவது எதையாவது எழுதிட்டேதான இருப்பாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு சின்ன படிப்புக்கும் சர்வர் வரைக்கும் போய்த் திரும்பி வரணும்.

போய்த் திரும்ப எவ்வளவு நேரம்? நல்ல லேன்ல 0.4 மில்லிசெகண்ட்னு வைங்க. கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். 180 எம்பி டேபிளை 4 கேபி 4 கேபியா முழுசாப் படிச்சா கிட்டத்தட்ட 46,000 தடவை போய்வரணும், 46,000 x 0.4 மில்லிசெகண்ட் = 18 செகண்ட். நீங்க சொன்ன 15 செகண்டுக்கும் இதுக்கும் பெரிய தூரம் இல்ல பாருங்க. காப்பி பண்றப்ப விண்டோஸ் பெரிய பெரிய துண்டா, ஒண்ணு வந்து சேரறதுக்கு முன்னாடியே அடுத்ததைக் கேட்டு வாங்கும், அதனால 110 எம்பி வருது. உங்க சாப்ட்வேர் ஒரு துண்டு வந்த பிறகுதான் அடுத்ததைக் கேக்கும். இங்க பைப் எவ்வளவு அகலம்ங்கறது விஷயமே இல்ல, எத்தனை தடவை போய்வருதுங்கறதுதான் விஷயம். வைஃபைல வச்சு ஓட்டினா 3-4 மில்லிசெகண்ட் ஆகும், அப்ப இதே வேலை ரெண்டு மூணு நிமிஷம். யாராவது கவுண்டர் வைஃபைல இருந்தா இன்னைக்கே வயருக்கு மாத்திடுங்க.

ஆனா என் சந்தேகம் வேற. 6 லட்சம் ரெக்கார்டு டேபிள்ல ஒரு மருந்தோட பேட்ச் எடுக்க முழு டேபிளையும் ஏன் படிக்கணும்? இண்டெக்ஸ் சரியா வேலை செஞ்சா விரல் விட்டு எண்ணற அளவு போய்வரவே போதும். கோடுல எங்கயோ இண்டெக்ஸைத் தொடாம முழு டேபிளையும் ஓட்டற இடம் இருக்கு, தனியா ஓடறப்ப அதை கேஷ் மூடி மறைச்சிருது, ரெண்டாவது ஆள் வந்ததும் அது வெளிய தெரியுது.

அனுமானத்துல எதையும் மாத்தாதீங்க. மைக்ரோசாப்ட் சிஸ்இன்டர்னல்ஸ்ல ப்ராசஸ் மானிட்டர்னு ஒரு டூல், இலவசம். ஒரு கவுண்டர்ல ஓட விட்டு, ஃபில்டர்ல உங்க எக்ஸ்இ பேரை மட்டும் வச்சு, ஒரே ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்துட்டு நிறுத்துங்க. அப்புறம் டூல்ஸ் மெனுல ஃபைல் சம்மரி போங்க, எந்த ஃபைலை எத்தனை தடவை படிச்சிருக்குன்னு வரும். ரிசல்ட்ங்கற பத்தியில "நேம் நாட் ஃபவுண்ட்"னு (அந்தப் பேர்ல ஃபைல் இல்ல) எத்தனை இருக்குன்னும் பாருங்க. மத்த எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டு ஒரு தடவை, ரெண்டாவது கவுண்டர்ல ஒரு பில்லைப் போட்டுட்டே ஒரு தடவை, ரெண்டையும் எடுத்து இங்க போடுங்க.

---

ஈரோடு_ஸ்டாக்கிஸ்ட்:

ரொம்ப நன்றிங்க சார், இவ்வளவு பொறுமையா யாருமே சொன்னதில்ல. கடை சாத்தின பிறகு டெஸ்ட் எடுத்தேன். ஒரே ஒரு மருந்து செலக்ட் பண்ணதுக்கு பேட்ச் டிபிஎஃப்ல மட்டும் 40,000க்கு மேல ரீட் காட்டுது, ரெண்டு டெஸ்ட்லயும் எண்ணிக்கை ஒரே மாதிரிதான், தனியா ஓடறப்ப ஒவ்வொரு ரீடும் எடுத்துக்கற நேரம் ஒண்ணுமே இல்ல, ரெண்டாவது ஆள் இருக்கறப்பதான் டியூரேஷன் ஏறுது. நீங்க சொன்னது அப்படியே இருக்கு.

"நேம் நாட் ஃபவுண்ட்" பக்கம் பக்கமா வருது. ஒரு ஃபார்ம் திறந்தா போதும், அதே ஃபைல் பேரை வெவ்வேற ஃபோல்டர்ல ஒவ்வொண்ணாத் தேடிட்டுப் போகுது, அதுல ரெண்டு பழைய சர்வர்ல இருந்த ஃபோல்டர், இப்ப அதெல்லாம் இல்லவே இல்ல. அப்புறம் டிஎம்பி எக்ஸ்டென்ஷன்ல என்னமோ ஃபைல் எல்லாம் சர்வர் ஷேர்லயே உருவாகி அழியுது.

கோடுல பேட்ச் லிஸ்ட் வர்ற இடத்தைப் பாத்தேன். கிரிட்ல (திரையில வரிவரியாக் காட்டற கட்டம்) பேட்ச் டேபிளையே நேராக் கட்டி, செட் ஃபில்டர் டு ஆல்ட்ரிம்(ஐட்டம்கோட்) == ஆல்ட்ரிம்(எம்.கோட்) அப்படின்னு போட்டிருக்கு. ஐட்டம்கோட் மேல இண்டெக்ஸ் இருக்கத்தான் செய்யுது, அப்புறம் ஏன் முழுசாப் படிக்குது? அதான் புரியல.

---

பழைய_டிபிஎஃப்:

புடிச்சிட்டீங்க, அந்த ஒரு வரிதான் சார்.

பாக்ஸ்புரோல ரஷ்மோர்னு சொல்ற வேகம் கிடைக்கணும்னா, கண்டிஷனோட இடது பக்கம் இண்டெக்ஸ் போட்டப்ப எழுதின எக்ஸ்பிரஷன் மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். இண்டெக்ஸ் ஐட்டம்கோட் மேல, ஃபில்டர் ஆல்ட்ரிம்(ஐட்டம்கோட்) மேல, அதாவது ரெண்டு பக்கமும் காலி இடத்தை வெட்டின கோட் மேல. மனுஷனுக்கு ரெண்டும் ஒண்ணுதான், பாக்ஸ்புரோவுக்கு சம்பந்தமே இல்லாத ரெண்டு. அதனால இண்டெக்ஸை ஒதுக்கிட்டு 6 லட்சம் ரெக்கார்டையும் ஒவ்வொண்ணாப் படிச்சு ட்ரிம் பண்ணிப் பாக்குது. இதுல கிரிட்டும் சேந்துட்டா இன்னும் கொடுமை, செட் ஃபில்டர் இருக்கற டேபிளைக் கிரிட்ல கட்டினா, ஒரு பக்கம் நிரப்பற அளவுக்கு பேட்ச் கிடைக்கலைன்னா டேபிள் முடியற வரைக்கும் தேடிட்டே போகும், ஒவ்வொரு தடவை ரிஃப்ரெஷ் ஆகறப்பவும் மறுபடி மொதல்ல இருந்து.

செட் ஃபில்டரைத் தூக்கிடுங்க. அதுக்குப் பதிலா செலக்ட் போட்டு, வேர்ல ஐட்டம்கோட் = எம்.கோட்னு ட்ரிம் எதுவும் இல்லாம வச்சு, ஒரு கர்சருக்குள்ள (ரிசல்ட்டை வைக்கற தற்காலிக டேபிள்) எடுத்துட்டு அந்தக் கர்சரைக் கிரிட்ல கட்டுங்க. எம்.கோட் முழு நீளத்துக்கு இருக்கட்டும், பேட்ஆர் போட்டு ஃபீல்டு அகலத்துக்கு நீட்டிக்கோங்க, இல்லாட்டி "ஏ12"ன்னு கேட்டா "ஏ123"யும் சேந்து வந்துடும், மருந்து விஷயத்துல அது விளையாட்டு இல்ல. மாத்தின பிறகு சிஸ்(3054,11) போட்டு ஓட்டிப் பாருங்க, ரஷ்மோர் லெவல் ஃபுல், பார்ஷியல், நன் எதுன்னு அதுவே சொல்லும்.

டெம்ப் ஃபைல் சர்வர்ல உருவாகுதுன்னீங்களே, அதுக்கு கான்ஃபிக் டாட் எஃப்பிடபிள்யூ ஃபைல்ல டிஎம்பிஃபைல்ஸ் = சி டிரைவ்ல ஒரு டெம்ப் ஃபோல்டர்னு கொடுங்க, கூடவே ரிசோர்ஸ் = ஆஃப். ஏற்கெனவே இருக்கற ஃபாக்ஸ்யூசர் ரிசோர்ஸ் ஃபைலைப் பேரை மட்டும் பாத்து அழிச்சிடாதீங்க, உங்க சாப்ட்வேர் அந்த ஃபைலை வேற எதுக்காவது பயன்படுத்துதான்னு கோடுல ஒரு தேடு தேடிக்கோங்க. ஃபைலை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்னு சொல்ற செட் பாத் வரில, இப்ப இல்லாத ஃபோல்டரை எல்லாம் எடுத்துடுங்க, செத்துப்போன சர்வர் பேரைத் தேடறப்ப விண்டோஸ் டைம்அவுட் ஆகற வரைக்கும் காத்துட்டு நிக்கும். எக்ஸ்இயையும் சர்வர்ல இருந்து நேரா ஓட்டாம ஒவ்வொரு கவுண்டர்லயும் ஒரு காப்பி வச்சு ஓட்டுங்க, புது வெர்ஷன் வந்தா காலைல காப்பி பண்ணிக்கற மாதிரி ஒரு சின்ன டாட் பேட் (.bat) ஸ்கிரிப்ட் போதும்.

இண்டெக்ஸ் எல்லாம் பல வருஷமா ரீஇண்டெக்ஸ்லயே ஓட்டிட்டு இருந்தீங்கன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை பேக்அப் எடுத்துட்டு டேக் (சிடிஎக்ஸ்க்குள்ள இருக்கற ஒவ்வொரு இண்டெக்ஸ்) எல்லாத்தையும் அழிச்சு புதுசா இண்டெக்ஸ் ஆன் போட்டு உருவாக்குங்க. ரீஇண்டெக்ஸ் பழைய சிடிஎக்ஸ் ஹெட்டரை அப்படியே வச்சுத்தான் வேலை பாக்கும், அதுல கோளாறு இருந்தா கூடவே வந்துட்டு இருக்கும். டேபிள் டிபிசிக்குள்ள (டேபிள்களைச் சேத்து வைக்கற டேட்டாபேஸ் ஃபைல்) இருந்தா மட்டும் இப்படி அழிக்காதீங்க, பிரைமரி கீயும் ரிலேஷனும் சேந்து போயிடும்.

---

கேபிள்_கிரிம்பர்:

கோடு பக்கம் அண்ணன் பாத்துட்டாரு, நான் வயர் பக்கம் சொல்றேன். 8 சிஸ்டத்துலயும் லிங்க் ஸ்பீடு ஒவ்வொண்ணாப் பாத்தீங்களா, காப்பி டெஸ்ட் ஒரே ஒரு சிஸ்டத்துலதான எடுத்திருப்பாரு? ஜிகாபிட்டுக்கு கேபிள்ல 4 ஜோடி வயரும் வேணும், 100 எம்பிபிஎஸ்க்கு 2 ஜோடியே போதும். அதனால கிரிம்பிங்ல மீதி 2 ஜோடில ஒரு வயர் லூஸா இருந்தாலும் கனெக்ஷன் கட் ஆகாது, சத்தமில்லாம 100ல ஓடிட்டு இருக்கும், யாருக்கும் தெரியாது. நெட்வொர்க் கார்டு ப்ராப்பர்டில எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட்னு இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. சின்னச் சின்ன ரெக்வெஸ்டா வர்ற இந்த மாதிரி சாப்ட்வேர்ல கார்டு நடுநடுவுல தூங்கி முழிக்கறது நேரா வேகத்துல தெரியும்.

இன்னொண்ணு, புது சர்வரை செட் பண்ணவரு அதையே டொமைன் கன்ட்ரோலரா (எல்லா சிஸ்டத்தோட லாகினையும் ஒரே இடத்துல நிர்வகிக்கற சர்வர்) போட்டிருக்காரா? போட்டிருந்தா ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸ் இருக்கற டிஸ்க்ல ரைட் கேஷை விண்டோஸே ஆஃப் பண்ணி வச்சிடும், உங்க டிபிஎஃப்பும் அதே டிஸ்க்ல இருந்தா ஒவ்வொரு சேவும் நேரா டிஸ்க் வரைக்கும் போய்த்தான் வரும். டேட்டாவை வேற டிஸ்க்குக்கு மாத்தினா போதும்.

விண்டோஸ் 11 சிஸ்டம் ரெண்டும் 24எச்2 ப்ரோ வெர்ஷன்னா எஸ்எம்பி சைனிங் (ஒவ்வொரு பாக்கெட்டும் நடுவுல மாத்தப்படலைன்னு உறுதி பண்ற கையெழுத்து) கட்டாயமா ஆன் ஆகித்தான் வரும். அதைப் பாத்துட்டு ஆஃப் பண்ணச் சொல்லி யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க, 2019 சர்வருக்கு அது பெரிய பாரம் இல்ல.

---

விஎம்_பாண்டி:

இன்டர்நெட்ல தேடினீங்கன்னா ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம், டைரக்டரிகேஷ்லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம்னு கவுண்டர் ரெஜிஸ்ட்ரில மூணு வேல்யூவை 0 ஆக்கச் சொல்லி நிறைய இடத்துல வரும். நாங்க எல்லா கிளையன்ட்லயும் அதைத்தான் போடறோம். இவருக்கும் அதைப் பண்ணா சரியாயிடுமே?

---

பழைய_டிபிஎஃப்:

அது வேற நோய்க்கு மருந்துங்க. ஒரு கவுண்டர்ல சேத்த ரெக்கார்டு இன்னொரு கவுண்டர்ல சில செகண்டு தெரியாம இருக்கறது, இண்டெக்ஸ் அடிக்கடி உடையறது, இப்ப உருவாக்கின ஃபைலை இல்லைன்னு சொல்றது, இதுக்கெல்லாம் அந்த மூணும் கைகொடுக்கும். ஏன்னா எஸ்எம்பி2ல இருந்து கிளையன்ட் ஃபைல் சைஸ் மாதிரி விவரத்தை 10 செகண்டும், ஃபைல் இல்லைங்கற தகவலை 5 செகண்டும் கேஷ்ல வச்சுக்கும், 0 போட்டா ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேக்கும். அதாவது போய்வரவு கூடத்தான் செய்யும். இவர் செட் பாத்தைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி அதைப் போட்டிருந்தா அந்த "நேம் நாட் ஃபவுண்ட்" எல்லாம் இன்னும் மோசமாகியிருக்கும். இண்டெக்ஸ் உடையுதுன்னா போடுங்க, வேகத்துக்காகப் போடாதீங்க.

---

ஈரோடு_ஸ்டாக்கிஸ்ட்:

பேட்ச் லிஸ்டை செலக்டுக்கு மாத்தி, கான்ஃபிக் ஃபைல் போட்டு, செட் பாத் சுத்தம் பண்ணி, எக்ஸ்இயை லோக்கலுக்குக் கொண்டுவந்தாச்சுங்க. இப்ப 8 பேரும் உள்ள இருக்கறப்ப பேட்ச் லிஸ்ட் ஒரு செகண்டுக்குள்ள வந்துருது. ப்ராசஸ் மானிட்டர்ல அதே மருந்துக்கு பேட்ச் ஃபைல் ரீட் 30ஐத் தாண்டல. டொமைன் எல்லாம் எங்ககிட்ட இல்லீங்க. ஆனா கேபிள் அண்ணா சொன்ன மாதிரி மூணாவது கவுண்டர் 100லதான் ஓடிட்டு இருந்துச்சு, முனையை வெட்டி புது கனெக்டர் போட்டதும் 1000 ஆயிடுச்சு.

இன்னும் ஒண்ணு மட்டும் இழுக்குது. மாசக் கடைசி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எப்படியும் எல்லா ரெக்கார்டையும் படிச்சுத்தான ஆகணும், அதை ஓட்டறப்ப மத்தவங்களுக்கும் லேசா ஸ்லோ ஆகுது. அதுக்கு ஏதாச்சும் வழி உண்டுங்களா?

---

விஎம்_பாண்டி:

அதுக்கு நேரான வழி, அந்த ரிப்போர்ட்டை ரிமோட் டெஸ்க்டாப்ல சர்வருக்குள்ள போய் ஓட்டுங்க. டேட்டா அதே மெஷின்ல இருக்கறதால போய்வரவுக்கு நெட்வொர்க்கே கிடையாது, திரையில தெரியற படம் மட்டும்தான் வயர்ல வரும். நிர்வாகத்துக்குன்னு சர்வர்லயே ரெண்டு கனெக்ஷன் வருது, அதை தினசரி பில்லிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது. எல்லா கவுண்டரையும் அப்படி மாத்தணும்னா ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) லைசென்ஸ் தனியா வாங்கணும், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் முதல்ல ஒரு கவுண்டர்ல டெஸ்ட் பண்ணிட்டு இறங்குங்க. ஒரே மெஷின்ல நிறைய பாக்ஸ்புரோ ஓடினா ஒவ்வொண்ணும் மெமரியை அள்ளிக்கும், சிஸ்(3050)ல அளவு வைக்கணும், டெம்ப் ஃபோல்டரும் ஆளுக்கு ஒண்ணா தனித்தனியா இருக்கணும்.

---

பழைய_டிபிஎஃப்:

பாண்டி சொன்னது சரி, ஸ்டேட்மென்ட்டுக்கு அதையே பண்ணுங்க. கூடவே ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கோங்க சார். டிபிஎஃப்போ எஃப்பிடியோ ஒரு ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது, உங்க பேட்ச் டேபிளுக்கு இன்னும் இடம் இருக்கு, ஆனா பில் விவரம் இருக்கற டேபிள் எவ்வளவுன்னு பாத்துக்கோங்க, பழைய வருஷத்தைத் தனி ஃபோல்டருக்கு ஒதுக்கிட்டா ஸ்டேட்மென்ட்டும் குறைஞ்ச நேரத்துல முடியும். விஷுவல் பாக்ஸ்புரோ 9க்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட் 2015 ஜனவரியோட முடிஞ்சு போச்சு. சோர்ஸ் கைல இருக்கறவரைக்கும் டேட்டாவை மட்டும் மெதுவா எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்க்கு மாத்தலாம், இப்ப எழுதின அந்த செலக்ட் மாதிரியே ஒவ்வொரு ஸ்கிரீனையும் செட் ஃபில்டர்ல இருந்து வெளிய கொண்டுவாங்க, அந்த வேலை முடிஞ்சிருந்தாதான் மாறறது சுலபம். அடுத்து பார்ட்டி லெட்ஜர் ஸ்கிரீனை எடுத்துக்கோங்க, அதுலயும் ஆல்ட்ரிம் இருக்கான்னு பாத்துட்டு கோடை இங்கயே போடுங்க, பாத்துச் சொல்றேன்.